பன்னிரண்டு வெள்ளித் தட்டுகள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கத்திரி சார். நாம் இன்னும் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கத்திரியார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்வதென்றால் நாலு வார்த்தை பேச வேண்டுமே, அதற்கெல்லாம் அவர் ஆள் இல்லை.

அடுத்தவர் பேச்சை வெட்டுவதுதான் அவர் தொழில். முப்பத்திரண்டு வருஷம் வானொலி நிலையத்தில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டினார். நாடா போய்க் கணினி வந்தது, அதிலும் வெட்டினார். இருமல், தும்மல், "அதாவது", "என்னன்னா", "வந்து" எல்லாம் அவர் கையில் அகப்பட்டால் காலி. ஒரு மந்திரியின் நாற்பது நிமிஷப் பேச்சை ஐந்து நிமிஷமாக்கி ஒலிபரப்பினார். அதைக் கேட்ட மந்திரி, நாம் இவ்வளவு தெளிவாகவா பேசினோம் என்று அசந்துபோய்ப் பாராட்டிக் கடிதம் எழுதினாராம். கடிதம் மூன்று பக்கம். கத்திரியார் முதல் வரியையும் கையெழுத்தையும் மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலைதான், இடம் மட்டும் வேறு. பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்யும் ஒலிநூலகம். மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படிப்பவர் உட்காருவார், இந்தப் பக்கம் இவர். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்தினால் தன் மூச்சு தனக்கே இரைச்சலாகக் கேட்கும். வேறு யாராவது அங்கே நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கத்திரியாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் அவர் வீடும் அப்படித்தான் இருந்தது.

வீடு எப்போதும் அப்படி இருந்ததில்லை. மனைவி இருந்தவரைக்கும் அங்கே பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. கடைக்காரரிடம் சில்லறை மாற்றிய கதையைக்கூட, அவர் என்ன சொன்னார், இவள் என்ன சொன்னாள், அதற்கு அவர் மூஞ்சி எப்படிப் போயிற்று என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் குறையாமல் பேசுவார்கள். கத்திரியார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சுருக்கு, சுருக்கு" என்று சைகை காட்டுவார். அந்தம்மா அவரை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தம்மா போய்ச் சேர்ந்தாள். போன் இவர் கைக்கு வந்தது.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"இந்த வாரம் என்ன விசேஷம்?"

"வழக்கம்போலத்தான்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

முதல் வருஷம் ஆறு நிமிஷம் ஓடிய பேச்சு, அடுத்த வருஷம் மூன்றாகி, இப்போது ஐம்பது விநாடிக்கு வந்து நின்றது. நீளத்தை அளப்பது அவருக்குப் பழக்கம், கடிகாரமே வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், இது யாருக்கும் தெரியாது. அந்த ஐம்பது விநாடிக்காகத்தான் மனிதர் மீதி ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு விடிந்தால் சவரம் செய்துகொள்வார், இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்வார். போனில் சட்டையா தெரியப்போகிறது? இருந்தாலும் மாட்டிக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாப்பிட்டீங்களா", "ஆச்சு" எல்லாம் முடிந்த பிறகும் மகள் போனை வைக்கவில்லை.

"அப்பா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வாரா வாரம் கூப்பிட்டு உங்களத் தொந்தரவு பண்றேனோன்னு இருக்கு. நீங்களும் நல்லா இருக்கேன், வழக்கம்போலன்னு சொல்லிட்டு வைக்கத்தான் பாக்குறீங்க. எனக்கும் என்ன கேக்குறதுன்னே தெரியல. இனிமே மாசம் ஒரு தடவ பேசிக்கலாமாப்பா? அவசரம்னா எப்ப வேணாலும் கூப்பிடலாம், அதுக்கென்ன."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது தொண்டை வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினார்.

"சரி," என்றார்.

"வர்ற ஞாயிறு கூப்பிடுறேன். அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. சரியாப்பா?"

"சரி."

அட மனுஷா, வாயில் என்ன பூட்டா தொங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும்தான் தோன்றியது. அன்று முழுக்க அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு தாளை எடுத்து, அடுத்த ஞாயிறு மகளிடம் சொல்லக்கூடியது என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தார். குழாய்க்குப் புது வாஷர் போட்டாயிற்று என்று ஒரு வரி வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. திங்கள் எப்படியோ செவ்வாயும் அப்படியே, செவ்வாய் எப்படியோ புதனும் அப்படியே. இதில் எதைச் சொல்லி ஒரு பெண்ணை ஞாயிறுதோறும் போன் பக்கம் இழுத்துக்கொண்டு வருவது? தாளைக் கசக்கிப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் வேறு ஒரு போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவர் அப்போது வெட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேதப் புத்தகம் முழுவதையும் நூலகம் பதிவு செய்துகொண்டிருந்தது. யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான பழைய பாகம் முதலில். படித்தவர் ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சரம்மா. கத்திரியாருக்கோ அந்தப் புத்தகத்தோடு முதல் நாளிலிருந்தே மல்லுக்கட்டு. அதில் ஒருவனும் சும்மா பார்ப்பதில்லை. கண்களை உயர்த்தி, பிறகு பார்க்கிறான். ஒருவனும் சும்மா பேசுவதில்லை. வாயைத் திறந்து, பதில் கொடுத்து, பிறகு சொல்கிறான். பாட்டாக வரும் பகுதிகளில் ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து திரும்பச் சொல்கிறது. வேலைக்காரனை அனுப்பினால், எஜமான் சொன்னதை அவன் போன இடத்தில் அப்படியே முழுசாக ஒப்பிக்கிறான், முன்பே கேட்டுவிட்டோமே என்ற இரக்கம்கூட இல்லாமல்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "வாயைத் திறக்காம எப்படிப் பேசுறதாம்?"

டீச்சரம்மா சிரித்தாள். "எழுதியிருக்கிறதப் படிக்கத்தான் எனக்கு உத்தரவு சார். இதுக்கே சலிச்சுக்கிட்டா எப்படி? பின்னாடி புதிய பாகம் வருது. அதுலயும் ஒரு 'மெய்யாகவே' போதாதுன்னு ரெண்டு 'மெய்யாகவே' போட்டுத்தான் பேசுவாங்க."

"கஷ்டம்," என்றார் கத்திரியார். வார்த்தைகளில் கை வைக்கக் கூடாது என்பது நூலகத்தின் கண்டிப்பு. இருமலையும் தப்பாகப் படித்ததையும் மட்டும் எடுக்கலாம். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். படிக்கும்போது நாக்குக் குழறினால் டீச்சரம்மா நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அந்தப் பத்தியை முதலிலிருந்து மறுபடி படிப்பாள். இவர் முந்தியதை வெட்டிவிட்டுக் கடைசியாகப் படித்ததை வைத்துக்கொள்வார். கணினித் திரையில் ஒலி மேடும் பள்ளமுமாகத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு மேடு, நடுவில் டம்ளர் வைக்கும் சத்தம் என்றால் முதல் மேட்டைத் தூக்கிவிட வேண்டியதுதான். பத்துக்கு ஒன்பது தடவை காதுகூடத் தேவைப்படாது.

இப்படித்தான் அந்த அத்தியாயம் வந்தது. பன்னிரண்டு குலத் தலைவர்கள் புதுப் பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறார்கள், நாளுக்கு ஒருவராகப் பன்னிரண்டு நாள். ஒவ்வொருவரும் கொண்டுவருவது அச்சு அசலாக ஒன்றுதான்: ஒரு வெள்ளித் தட்டு, ஒரு வெள்ளிக் கிண்ணம், நறுமணப் பொடி நிறைந்த ஒரு பொன் கரண்டி, அதன்பின் காளை, கடா, ஆட்டுக்குட்டி என்று நீளமான பட்டியல். எழுதியவர் அதை எடை உட்படப் பன்னிரண்டு தடவையும் முழுசாக எழுதியிருக்கிறார். டீச்சரம்மா ஒவ்வொரு தலைவருக்கு முன்னும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்திருக்கிறாள்.

கத்திரியார் திரையைப் பார்த்தார். ஒரே மாதிரி பன்னிரண்டு மேடு, நடுவே பதினோரு டம்ளர் சத்தம். அங்கங்கே நடுவில் வைத்துக் கேட்டார். எங்கே கேட்டாலும் வெள்ளித் தட்டு. பாவம், டீச்சரம்மாவுக்கு அன்று உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பதினோரு தடவை குழறியிருக்கிறாளே என்று மனதுக்குள் பரிதாபப்பட்டார். கேட்டால் சங்கடப்படுவாள் என்று அவளிடம் கேட்கவும் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் பதினொன்றையும் வெட்டிவிட்டுப் பன்னிரண்டாவதை வைத்துக்கொண்டார். அத்தியாயம் சின்னதாகி, பார்க்க லட்சணமாக இருந்தது. அது வெளியேயும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வந்த போன் அதற்காகத்தான்.

"ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. செம கோபம். நீங்களே பேசுங்க," என்று மேலாளர் ரிசீவரை இவர் கையில் திணித்துவிட்டு நழுவினாள்.

"அந்தக் காணிக்கை அத்தியாயத்தை வெட்டுனது நீங்கதானா?" வயதான குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனியாக, சுத்தமாக விழுந்தது. நாற்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்த குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. பிறவியிலேயே பார்வை இல்லை.

"ஆமாங்க."

"மிச்சம் பதினோரு பேர் எங்க தம்பி?"

அறுபத்தோரு வயதில் தம்பி என்று கூப்பிட ஒரு ஆள். "எந்தப் பதினோரு பேர்?"

"எடுத்த எடுப்புல பன்னிரண்டாம் நாள்னு ஆரம்பிக்குதே! அதுக்கு முந்தி பதினோரு நாளும் கதவப் பூட்டியா வைச்சிருந்தாங்க? ஒரே ஒருத்தன் ஒரே ஒரு தட்டோட வர்றான், முடிக்கும்போது மொத்தம் பன்னிரண்டு தட்டுன்னு வருது. மீதித் தட்டு மானத்துலேருந்து விழுந்துதா?"

கத்திரியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு அசட்டுத்தனம் செய்ததில்லை. "தப்பாப் படிச்சுத் திரும்பப் படிச்சதுன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. சரி பண்ணிடறேன்," என்றார். அதோடு வைத்திருந்தால் பிழைத்திருப்பார். அரிப்பு விடவில்லை. "ஆனா எல்லாரும் அதையேதானேம்மா கொண்டு வந்தாங்க?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"அதனால?" அந்தம்மாவின் குரல் ஏறியது. "ஏழாவது ஆள் ஆறு நாள் காத்துக்கிட்டிருந்துட்டு வந்திருப்பான். அவன் ஊட்டுலேருந்து அவன் எடுத்துட்டு வந்த தட்டு அது. முன்னாடி ஆறு பேர் இதையே குடுத்துட்டாங்க, உனக்கு 'மேற்படி'ன்னு எழுதிக்கிறேன், போய்ட்டு வான்னு அனுப்பிடறதா? எழுதினவனுக்குச் சுருக்கத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அந்தக் காலத்துல தோல்ல எழுதணும் தம்பி. மையும் செலவு, தோலும் செலவு, கையும் வலிக்கும். சுருக்கணும்னு உங்களுக்கு முந்தி அவனுக்குத்தான் தோணியிருக்கும். வேணும்னேதான் பன்னிரண்டு தடவ எழுதியிருக்கான்."

கத்திரியார் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் விரலால படிச்சவ. புள்ளி எழுத்துல அந்த இடம் வந்தா அதே மேடும் பள்ளமும் பன்னிரண்டு தடவ வரும். அஞ்சாவது ஆளுக்கு விரல் அலுத்துடும். ஏழாவது ஆளுக்கு அப்புறம் அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க மாதிரி ஆயிடுவாங்க. இப்ப சர்க்கரை வந்து விரல் மரத்துப்போச்சு. உங்களத்தான் நம்பியிருக்கேன். கண்ணை உயர்த்தினான், பார்த்தான்னு ரெண்டாச் சொன்னாத்தான் எனக்கு அந்தத் தலை நிமிர்றது தெரியும். பார்த்தான்னு மட்டும் சொன்னா எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க? உங்களுக்குச் சுருக்கம் போதும். எனக்கு அந்த நேரம் வேணும்."

சரிங்க, சரிங்க என்று சொல்லி வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நல்ல வேளை, வெட்டாத மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. புதன்கிழமை காலை காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் காதால் கேட்டார். முதல் தலைவர் வந்தார், தட்டும் கிண்ணமும் கரண்டியும் வந்தன. இரண்டாமவர், மூன்றாமவர். நான்காமவரிடம் கொட்டாவி வந்தது. ஆறாமவர் வந்தபோது டீச்சரம்மா அவர் பெயரை எப்படிச் சொல்கிறாள் என்று கவனித்தார். முதல் ஆள் பெயரைச் சொன்ன அதே கவனத்தோடு சொன்னாள், ஏதோ அன்றைக்குத்தான் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்பதைப்போல. அலுப்போ அவசரமோ ஒரு துளி இல்லை. ஒன்பதாமவர் தன் தட்டோடு வந்தபோது கத்திரியாருக்கு ஏனோ அந்த மனிதர் மேல் பிரியம் வந்தது. இத்தனை நாள் நின்றிருக்கிறான், தன்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் வந்து வைக்கிறான், அவன் வைத்ததையும் ஒருவர் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறார். பன்னிரண்டு பேரும் முடிந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

மாலையில் டீச்சரம்மா வந்தபோது நடந்ததை ஒப்புக்கொண்டு அசடு வழிந்தார். "நடுவுல ஏன் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தரும் புதுசா வர்றாங்க இல்ல சார்? போன ஆளுக்குப் படிச்ச தொண்டையோட அடுத்த ஆளுக்குப் படிக்க மனசு வரல," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு மணி அடித்தது. பின்னால் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம், ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம்; மகள் வேலையோடு வேலையாகப் பேசுகிறாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"இந்த வாரம் என்ன விசேஷம்?"

நாக்கு நுனியில் அந்தப் பழைய பதில் தயாராக இருந்தது. கத்திரியார் அதை விழுங்கினார்.

"திங்கட்கிழம ஆறு மணிக்கு எழுந்தேன்," என்றார். "பால் காய்ச்சினேன். ரெண்டு பாட்டில்ல தண்ணி புடிச்சு வைச்சேன். ஏழே முக்கால் பஸ். டிரைவருக்குப் பின் சீட்டு. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து கொடியில காஞ்ச துணியெல்லாம் மடிச்சேன். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன். செய்தி கேட்டேன். கதவப் பூட்டினேனான்னு ரெண்டு தடவ பாத்துட்டுப் படுத்தேன்."

"ம்," என்றாள் மகள், கொஞ்சம் திகைத்து.

"செவ்வாய்க்கிழம ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். ரெண்டு பாட்டில்ல தண்ணி புடிச்சு வைச்சேன். ஏழே முக்கால் பஸ். டிரைவருக்குப் பின் சீட்டு..."

"அப்பா, இத இப்பத்தானே சொன்னீங்க?"

"அது திங்கட்கிழம."

செவ்வாயைக் கதவு பூட்டியது வரைக்கும் முடித்துவிட்டுப் புதனை ஆரம்பித்தார். பால் காய்ச்சும் இடம் வந்ததும் மகள் குறுக்கே விழுந்தாள். குரலில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அப்பா, இன்னிக்கு என்ன கிழமன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஞாயிறு."

"நான் எங்க இருக்கேன்? மாப்பிள்ளை பேர் என்ன?"

"எனக்கு மறதியெல்லாம் இல்லம்மா. பயப்படாத."

"பின்ன ஏம்ப்பா ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?"

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"வழக்கம்போலன்னு சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுடுது. ஆனா எனக்கு அது ஒண்ணா போகலம்மா. திங்கட்கிழமையத் தனியா ஓட்டினேன், செவ்வாய்க்கிழமையத் தனியா ஓட்டினேன். ஒவ்வொண்ணும் முழுசாத்தான் போச்சு. அதான் முழுசாச் சொல்றேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். சலவை இயந்திரம் தூரத்துக்குப் போயிற்று. நாற்காலி ஒன்று இழுபட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. இதையெல்லாம் கேட்டே பிழைத்த காது அவருடையது, ஒன்றையும் தவறவிடவில்லை.

"புதன்கிழம பால் காய்ச்சினீங்க," என்றாள் மகள். "அப்புறம்?"

சொன்னார். வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றையும் பால், பாட்டில், பஸ், துணி, ரொட்டி, பூட்டு எதையும் விடாமல் சொன்னார். அவள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

"ஞாயித்துக்கிழம?"

"ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். அப்புறம் பத்து மணி வரைக்கும் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எல்லா ஞாயிறும் அப்படித்தாம்மா. நீ கூப்பிடலைன்னா எனக்கு யாரும் இல்ல."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நானும் சொல்லட்டுமாப்பா?" என்றாள் மகள். "அம்மா போனதுக்கு அப்புறம் என்னையும் யாரும் முழுசாக் கேட்டதில்ல. திங்கட்கிழம அஞ்சு மணிக்கு எழுந்தேன். ரெண்டு டப்பாவுல சாப்பாடு கட்டினேன். அவர் ஏழு மணிக்குக் கிளம்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்ல வேலை விஷயம் தவிர யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. வந்து துணி துவைச்சேன். ராத்திரி அவர் வர்றதுக்குள்ள தூங்கிட்டேன். செவ்வாய்க்கிழம அஞ்சு மணிக்கு எழுந்தேன். ரெண்டு டப்பாவுல சாப்பாடு கட்டினேன்..."

கத்திரியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். புதன்கிழமை பாதியில் அங்கே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கூப்பிடறாங்கப்பா. புதன் வரைக்கும் வந்திருக்கேன். மிச்சத்த அடுத்த ஞாயிறு சொல்றேன்."

"சரிம்மா," என்றார் கத்திரியார். "புதன்கிழமையையே முதல்லேருந்து சொல்லு."